சனிக்கு வளையமே தெரியல, கண்ணாடி போச்சா?

புதுக்கண் | 22 நவம்பர் 2025, இரவு 8.40
அவசரம். டெலஸ்கோப்ல சனியைப் பார்த்தா வளையம் இல்ல. மங்கலா ஒரு உருண்டை, அதுல குச்சி குத்துன மாதிரி ரெண்டு பக்கமும் ஒரு கோடு. ஃபோகஸ் எவ்வளவு திருகினாலும் தெளியல. பின்னாடி இருக்கிற திருகுகளையும் கொஞ்சம் திருப்பியாச்சு. பக்கத்துல வரிசையா சின்னப் புள்ளிகள் வேற. கண்ணாடி மாத்தணுமா?

மாடிவானம் | 8.52
எந்த டெலஸ்கோப்? விட்டம் எவ்வளவு, குவியத்தூரம் எவ்வளவு? கண் வைக்கும் லென்ஸ், அதாவது ஐபீஸ், எது? எந்த ஊர், எந்தத் திசை, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

நாலுபுள்ளி | 8.58
வரிசையாக நிலாப் புள்ளிகள் நின்றால் அது வியாழன். நீங்கள் பார்த்தது சனியே இல்லை.

மாடிவானம் | 9.06
அவர் பதிவு போட்டபோது வியாழன் எழவே இல்லை. அது இப்போது மிதுனத்தில் இருக்கிறது, ஒன்பது மணி தாண்டித்தான் கிழக்கே வரும். சனியின் பெரிய நிலாக்கள் வளையத்தின் தளத்திலேயே சுற்றுகின்றன. வளையம் விளிம்பை மட்டும் நம் பக்கம் காட்டிப் படுத்துவிட்டால் அவையும் ஒரே கோட்டில்தான் நிற்கும். சுற்றும் தளம் சாய்ந்த இயாபெட்டஸ் என்ற நிலா மட்டும் விலகி நிற்கும்.

கோள்கணக்கு | 9.15
நாள் பார்க்காமல் டெலஸ்கோப்பைத் திருப்புவதால் வரும் கேள்வி. பின் திருகைத் தொடும் முன் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியைத் திறந்திருந்தால் இந்த இழைக்கே வேலையில்லை.

கடந்த மார்ச் 23 அன்று பூமி வளையத் தளத்தைக் கடந்தது. மே 6 அன்று சூரியன் கடந்தது. அதன்பின் கொஞ்சம் விரிந்த வளையம், பூமி நகர்வதால் இந்த வாரம் மறுபடி சுருங்கிச் சுமார் 0.4 டிகிரிச் சாய்வில் நிற்கிறது. வளையத்தின் நீளம் 41 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) போல இருந்தாலும் அகலம் வெறும் 0.3தான். 130 மி.மீ. கண்ணாடி பிரித்துக் காட்டுவது 0.9 வரை. கோடாகத் தெரிவதுதான் சரியான காட்சி.

ஏழரைச் சனிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ராசிக்கு இரண்டரை ஆண்டு, பன்னிரண்டு ராசிக்கு ஏறக்குறைய 30. அதில் பாதிக்கு ஒருமுறை வளையம் படுக்கும். முன்பு 2009, அடுத்து 2038.

புதுக்கண் | 9.31
127/1000. மதுரை. ஏழரை மணி, தெற்கே உச்சிக்குக் கிட்ட. 4 எம்எம் ஐபீஸ், கூட வந்த 3 மடங்கு பெருக்குற பார்லோ லென்ஸ்.

கண்ணாடிதேய் | 9.48
1000ஐ 4ஆல் வகுத்தால் 250. பார்லோ போட்டால் 750 மடங்கு. 127 மி.மீ.க்கு உச்ச வரம்பே 250தான், அதுவும் காற்று அசையாத இரவில். மங்கலுக்கு முதல் காரணம் இது. 20 எம்எம் ஐபீஸ் இருந்தால் 50 மடங்கில் தொடங்குங்கள். அதோடு பார்லோ சேர்த்தால் 150, இன்றைக்கு அது போதும்.

இரண்டாவது, நீங்கள் திருப்பிய பின் திருகு, கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்வது அதுதான். இந்த 127/1000 வகையில் குழாய் அரை மீட்டர்தான், குவியத்தூரமோ 1000. அப்படியென்றால் ஃபோகஸருக்குள் ஒரு திருத்தி லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் கண்ணாடியை நேர்ப்படுத்தும் லேசர் வைத்தால் புள்ளி சிதறி ஏமாற்றும். நட்சத்திரத்தை வைத்தே சரிசெய்யுங்கள். துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். மதுரையில் அது 10 டிகிரி உயரம்தான், அடிவானக் காற்றில் கொதிக்கும். சனிக்குத் தெற்கே ஃபோமல்ஹாட் என்ற பளிச் நட்சத்திரம் 50 டிகிரிக்கு மேல் ஏறும், அதை எடுங்கள்.

நடுவில் வைத்து ஃபோகஸைக் கலையுங்கள். வெளிச்சத் தட்டின் நடுவில் கருப்புப் பொட்டு வரும். பொட்டு ஒதுங்கியிருந்தால் பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, ஒரே ஒரு சரிசெய்யும் திருகை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். நட்சத்திரம் நகரும். திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பொட்டைப் பார்க்க வேண்டும். மோசமானால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முடிந்ததும் பூட்டுத் திருகுகளை மெல்ல இறுக்குங்கள், இறுக்கும்போதும் கண்ணாடி அசையும். கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை.

மாடிவானம் | 9.55
மொட்டை மாடியா? பகல் முழுக்கக் காய்ந்த சிமென்ட் தளம் ஒன்பது மணி வரை அனல் கக்கும். மண் தரைக்கு இறக்கி, அரை மணி நேரம் குழாயை ஆற விடுங்கள்.

நாலுபுள்ளி | 10.02
சனிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 146 நிலாவில் நாலைந்துதான் தெரியுமா?

கோள்கணக்கு | 10.07
146 பழைய எண். மார்ச் 2025இல் 128 சேர்ந்து 274 ஆனது.

கண்ணாடிதேய் | 10.11
அந்த 128ம் சில கிலோமீட்டர் கற்கள். அவற்றைச் சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டனோடு ஒரே பட்டியலில் வைப்பதே தப்பு.

கோள்கணக்கு | 10.16
கோளைச் சுற்றுகிறது, பாதை கணிக்கப்பட்டிருக்கிறது, அது நிலா. அளவுக்கு வரம்பு எங்கே வைப்பீர்கள்? மிமாஸ் 400 கிலோமீட்டர்கூட இல்லை, அதையும் நீக்குவீர்களா?

கண்ணாடிதேய் | 10.20
மிமாஸ் தன் ஈர்ப்பால் உருண்டையானது. அந்தக் கற்கள் எங்கிருந்தோ பிடிபட்டவை, பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகின்றன. வகை பிரித்து எண்ணுங்கள் என்கிறேன்.

மாடிவானம் | 10.27
எண்ணிக்கைக்குத் தனி இழை போடுங்கள். கேட்டவருக்கு வேண்டியது இது: புள்ளிகளில் பளிச்சென்று லேசான ஆரஞ்சாக இருப்பது டைட்டன். 16 நாளில் ஒரு சுற்று, எட்டு நாள் கழித்து மறுபக்கம் நிற்கும். அடுத்த பிரகாசம் ரியா, நாலரை நாள். டெதிஸ், டையோனி பிரகாச அளவில் பத்தை விடச் சற்று மங்கல், நிலவொளி இல்லாத இந்த இரவுகளில் 127ல் கிடைக்கும். வளையத்தின் கூச்சம் இல்லாத இந்த நாட்கள் நிலா தேட அருமையானவை. ஹைகன்ஸ் 1655இல் டைட்டனையும், ஹெர்ஷல் 1789இல் என்செலடஸையும் மிமாஸையும் கண்டது வளையம் இப்படி ஒடுங்கிய காலங்களில்தான்.

புதுக்கண் | 24 நவம்பர், இரவு 8.15
20 எம்எம்ல பார்த்தேன், கோடு ஊசி மாதிரி கூர்மையா இருக்கு. ஒரு திருகுதான் தப்பா இருந்துச்சு. மூணு புள்ளி தெரியுது. வளையம் எப்ப விரியும்?

மாடிவானம் | 8.22
இனி நடுவில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் விரிந்துகொண்டே போகும். 2026 அக்டோபரில் 7 டிகிரிக்கு மேல், 2032இல் முழுதாக 27. இன்று 150 மடங்கில் உருண்டையின் குறுக்கே மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிகிறதா பாருங்கள், அது வளையத்தின் நிழல். தெரிந்ததா?