சீனி கலக்காத கருப்பட்டித் தொழிலுக்கு வழிகாட்டுங்கள்

அன்பான அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம். இடையன்குடிப் பக்கம் நானும் என் மனைவியும் பதநீர் வாங்கிக் காய்ச்சிக் கருப்பட்டி விற்கிறோம். 1841இல் கால்டுவெல் ஐயர் இவ்வூருக்கு வந்து ஊழியம் செய்த மக்களில் பலர் பனையேறிகள். அவர்கள் வழிவந்த தொழிலைக் கர்த்தருக்கென்றே செய்ய வேண்டும் என்று, கொலோசெயர் 3:23ஐக் குடும்ப ஜெபத்தில் வாசித்து, சீனி கலப்பதில்லை என உறுதியாய் இருக்கிறோம். ஆனால், சீனி சேர்த்த கருப்பட்டி மலிவாகக் கிடைப்பதால் வியாபாரிகள் எங்கள் விலையை ஏற்க மறுக்கிறார்கள். பனையேறியின் கூலியைக் குறைப்பதோ எங்களுக்குச் சம்மதமில்லை, அதுவும் அநியாயமே. நேரடியாக வாங்கும் குடும்பங்களை அறிந்தவர்களும், மழைக்காலத்தில் கருப்பட்டி கசியாமல் காக்கும் முறை தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். காய்ச்சும் பருவத்திலும் பிள்ளைகளோடு மாலை ஜெபத்தைத் தவறவிடாத வீட்டார் நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.