கணுக்கால் பிசகல்: எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டுமா?

நேற்று கடைசிப் படியைக் கவனிக்காமல் இறங்கியதில் வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. நல்ல வீக்கம். வெறும் சுளுக்குக்கும் இப்படி வீங்கும் என்பதால் ஒட்டாவா விதிப்படி (கணுக்காலில் அடிபட்டால் எக்ஸ்ரே தேவையா என்று மருத்துவர்கள் முடிவு செய்யும் வழிமுறை) பார்த்தேன். அடிபட்டவுடனே நான்கு அடி எடுத்து வைக்க முடிந்தது, இப்போதும் முடிகிறது (நொண்டித்தான், நொண்டினாலும் கணக்கில் உண்டு). இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து 6 செ.மீ. வரை அழுத்தினேன், வலி இல்லை. அப்புறம் பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரலுக்குப் போகும் பாத எலும்பு தொடங்கும் இடத்தில் தொட்டால் சுரீர் என்கிறது! அங்கே வலித்தால் படம் எடுக்கச் சொல்கிறது விதி. ஆனால் வலிப்பது எலும்பா, பக்கத்துத் தசைநாரா என்று என் விரலுக்குப் பிடிபடவில்லை. பிசியோதெரபி, எலும்பு மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: சரியான இடத்தை எப்படித் தொட்டுக் கண்டுபிடிப்பது? இல்லை, யோசிக்காமல் இன்றே எக்ஸ்ரே எடுத்துவிடவா?