ஃபாண்டைத் தூக்கினா போட்டோஷாப் பறக்குமாம்!

இருட்டறை · இரவு 9:40
ஆல்பம் டிசைனர்கள் வாட்ஸ்அப் குழுவுல ஒரு ஆடியோ சுத்துது. "போட்டோஷாப் லோடு ஆகும்போது தொங்குதா? சிஸ்டத்துல இருக்கிற ஃபாண்டையெல்லாம் தூக்கு. நான் 3,800 ஃபாண்டைத் தூக்கினேன், மறுநாள் பறந்துச்சு." அவ்வளவுதான் வைத்தியம். இதைக் கேட்டுட்டு என் தம்பி அவன் ஸ்டூடியோ சிஸ்டத்துல இருந்த பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட் முதல்கொண்டு அத்தனையும் வழிச்சுப் போட்டுட்டான். அப்புறம் ஒரு கல்யாண ஆல்பத்தோட பிஎஸ்டியை, அதான் போட்டோஷாப் ஃபைலை, திறந்திருக்கான். எழுத்து லேயரை அப்டேட் பண்ணவான்னு கேட்டதுக்கு ஓகே கொடுத்துட்டான். "அம்மா" இருந்த இடத்துல எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, ஹெச். முகூர்த்த சீசன்ல.

சரி, தொங்குறதாவது நின்னுச்சா? இல்ல. நான் போய் உட்கார்ந்து, எந்த ப்ரோக்ராம் எந்த நொடியில எதைத் தேடுதுன்னு காட்டுற ப்ராசஸ் மானிட்டரை ஓட விட்டேன். ஒரு இடத்துல எல்லாம் நின்னு போய், கீழ் மாடியில அணைஞ்சு கிடக்கிற பிரிண்ட் சிஸ்டத்தோட பேரைத் தேடித் தேடி "பேட் நெட்வொர்க் பாத்"னு வரி வரியா வருது. டீஃபால்ட் பிரிண்டர் அந்த சிஸ்டத்துல ஷேர் பண்ணது. போட்டோஷாப் எந்திரிக்கும்போது டீஃபால்ட் பிரிண்டரை விசாரிக்கும், பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். டீஃபால்ட்டை மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்-க்கு மாத்தினேன், திறந்துருச்சு. ஒரு ஃபாண்டைக்கூடத் தூக்கலை. தூக்க ஃபாண்டே மிச்சம் இல்லைங்கிறது வேற விஷயம்.

ஆல்பம்_அரசு · 9:58
அந்த ஆடியோ என்னுது. 14 வருஷமா ஆல்பம் போடுறேன். போன வாரம் வரைக்கும் 4 நிமிஷம் ஆச்சு, இப்ப 20 நொடி. செல்போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கேன். நீங்க என்ன வேணா மானிட்டர் பண்ணுங்க. தம்பி ஓகே அழுத்தினதுக்கு நான் பொறுப்பு இல்ல.

பாஸ்போர்ட்_சைஸ் · 10:03
அண்ணா, எனக்கும் இதே பிரச்சனை. ஆனா திரையில "ரீடிங் பிரிஃபரன்சஸ்"ல நிக்குது. ஃபாண்டா பிரிண்டரா எது பாக்கட்டும்?

இருட்டறை · 10:06
@அரசு, 20 நொடி ஆனதை நான் மறுக்கலையே. எதனால ஆச்சுங்கிறதுதான் கேள்வி. ஃபாண்டைத் தூக்கின அன்னைக்கு வேற என்னென்ன பண்ணீங்க?

ஆல்பம்_அரசு · 10:11
ஒண்ணுமே பண்ணலை. ஆயுத பூஜை. மேஜையை நகர்த்தி, கேபிளையெல்லாம் புடுங்கி, சிபியூவைத் திறந்து தூசி தட்டி, பொட்டு வச்சேன். அப்படியே ஃபாண்டையும் கிளீன் பண்ணேன். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பாத்துத் திறந்தேன், 20 நொடி. இதுக்கு மேல என்ன ஆதாரம்?

இருட்டறை · 10:13
கேபிளையெல்லாம் புடுங்கினீங்களா? நெட்வொர்க் கேபிளும் சேர்த்தா?

ஆல்பம்_அரசு · 10:15
எல்லாத்தையும்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருட்டறை · 10:24
அதுதான் சம்பந்தம்! கேபிள் இருந்து, எதிர்ல இருக்கிற சிஸ்டம் அணைஞ்சிருந்தா, விண்டோஸ் "ஏதோ பதில் வரும்"னு நேரம் தீர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கும். கேபிளே இல்லைன்னா நெட்வொர்க்கே இல்லைன்னு உடனே தெரிஞ்சிரும், காத்திருக்காது. நீங்க ஒரே நாள்ல ஃபாண்டையும் தூக்கினீங்க, கேபிளையும் புடுங்கினீங்க. எது குணப்படுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? கஷாயமும் குடிச்சு மாத்திரையும் போட்டுட்டு கஷாயத்துக்கு மட்டும் ஆடியோ விடுறீங்க.

ஒரே கேள்வி. விஜயதசமி அன்னைக்குத் திறந்தப்ப கேபிளைத் திரும்ப மாட்டியிருந்தீங்களா, இல்லையா?

குனு_கோபம் · 10:27
திருட்டு சாஃப்ட்வேர் வச்சுக்கிட்டு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? போட்டோஷாப் மாதிரியே இருக்கிற ஜிம்ப், அதோட 3.0 2025 மார்ச்லயே வந்துருச்சு. இலவசம். போட்டுட்டு வேலையைப் பாருங்க.

ஆல்பம்_அரசு · 10:29
யாரைத் திருடன்னு சொல்றீங்க? மாசாமாசம் சந்தா கட்டுறேன் சார். பில்லு காட்டவா?

பழைய_நெகடிவ் · 10:34
குனு தம்பி, உங்க ஜிம்ப் 2.8 விண்டோஸ்ல திறக்கும்போது "ஃபாண்ட்ஸ், கொஞ்ச நேரம் ஆகலாம்"னு தானே எழுதி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த காலம் ஞாபகம் இருக்கா? நான் டீ குடிச்சு, தினத்தந்தி முடிச்சு, ரெண்டு பாஸ்போர்ட் போட்டோ வெட்டிட்டு வருவேன், அப்பவும் அதே வரி.

குனு_கோபம் · 10:38
அது 2.8. 2018-லயே 2.10.4-ல ஃபாண்டைப் பின்னணியில லோடு பண்ற மாதிரி மாத்தியாச்சு. நீங்க இன்னும் நெகடிவ்லயே இருக்கீங்க.

ஆல்பம்_அரசு · 10:41
பாத்தீங்களா! ஜிம்ப்காரனே ஃபாண்டால தொங்கும்னு ஒத்துக்கிட்டு மாத்தியிருக்கான். நான் சொன்னா மட்டும் மூடநம்பிக்கை.

இருட்டறை · 10:43
அது வேற சாஃப்ட்வேர், வேற கதை. கேபிள் மாட்டியிருந்ததா இல்லையா?

பழைய_நெகடிவ் · 10:52
இருட்டறை, உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஃபாண்டால தொங்கவே தொங்காதுன்னு அடிக்கிறதும் தப்பு. என் சிஸ்டத்துல ஒரு டிவிடியில இருந்து மொத்தமா காப்பி பண்ண ஃபாண்டுல ஒண்ணு ஜீரோ கேபி. கெட்டுப்போன ஃபைல். அதைத் தூக்கி, ஃபாண்ட் கேஷையும் அழிச்சப்புறம்தான் சிஸ்டம் மூச்சு விட்டுச்சு. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் தூக்கினேன். பாதி பாதியா வேற ஃபோல்டருக்கு நகர்த்தி, எந்தப் பாதியில வியாதின்னு பாத்துப் பாத்து. 3,800-ஐயும் குப்பையில கொட்டலை.

இருட்டறை · 10:55
நான் எங்க "தொங்கவே தொங்காது"ன்னு சொன்னேன்? ஒரு இடத்துல காட்டுங்க. என் தம்பி சிஸ்டத்துல பிரிண்டர். அரசு சிஸ்டத்துல என்னன்னு கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரமா கேபிளைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன்.

பாமினிப்பிள்ளை · 10:59
தம்பிமாரே, குறுக்க வாறதுக்கு மன்னியுங்கோ. ஏன் எல்லாரும் பாமினிக்குப் பழி போடுறியள்? எங்கட ஊரிலயும் புலம்பெயர்ந்த இடங்களிலயும் நோட்டீஸ், மரண அறிவித்தல், கல்யாண அட்டை எல்லாம் எத்தனை வருசமா அதிலதான் அடிக்கிறம். அது ஒருநாளும் தொங்கினதில்லை. மற்றது, "ஃபாண்ட்" எண்டு ஏன் சொல்லுறியள்? எழுத்துரு எண்டு வடிவான சொல்லு கிடக்கு.

குனு_கோபம் · 11:02
பாமினியை இன்னும் கட்டிக்கிட்டு அழறதுதான் பிரச்சனையே. ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் வேஷம் போட்ட ஃபாண்ட் அது. ஒருங்குறியில, அதாவது யூனிகோட்ல, தமிழுக்கு 1991-லயே இடம் கொடுத்தாச்சு. அதுல அடிச்சிருந்தா இருட்டறை தம்பிக்கு "அம்மா" எம்-கே ஆகியிருக்காது. வேற ஃபாண்ட் வந்தாலும் "அம்மா" அம்மாவாவே இருந்திருக்கும்.

பாமினிப்பிள்ளை · 11:06
ஒருங்குறி, ஒருங்குறி எண்டு கத்துறியள். பழைய போட்டோஷாப்பில ஒருங்குறியில அடிச்சுப் பார்த்தனீங்களோ? "கொ" எண்டு அடிச்சால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கும். தெற்காசிய மொழிக்கான அமைப்பை டைப் பிரிஃபரன்சில மாத்துற வசதி பின்னாலதான் வந்தது. அதுவரைக்கும் எங்களைக் காப்பாத்தினது பாமினி. நன்றி மறக்கக் கூடாது தம்பி.

ஆல்பம்_அரசு · 11:08
அப்படிப் போடுங்க அண்ணே.

இருட்டறை · 11:09
அரசு சார், பாமினியையும் சேர்த்துத் தூக்கச் சொன்னது நீங்கதான். இப்ப "அப்படிப் போடுங்க" வேறயா?

ஆல்பம்_அரசு · 11:12
தேவையில்லாததைத் தூக்கச் சொன்னேன். ஆடியோவை முழுசா கேளுங்க.

இருட்டறை · 11:14
முழுசா 6 நிமிஷமும் கேட்டேன். "எல்லாத்தையும்"னு மூணு தடவை வருது. கேபிள்ங்கிற சொல் ஒரு தடவைகூட வரலை.

பாஸ்போர்ட்_சைஸ் · 11:15
அண்ணா, யாராச்சும் சொல்லுங்க. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் சேர்த்து அழுத்தச் சொன்னாங்க. அழுத்திக்கிட்டே ஐகானை டபுள் க்ளிக் பண்ணா போட்டோஷாப் வரவே மாட்டேங்குது. ப்ராப்பர்ட்டீஸ் மாதிரி ஒரு பெட்டி வருது.

பழைய_நெகடிவ் · 11:19
ஆல்ட்டோட டபுள் க்ளிக் பண்ணா ப்ராப்பர்ட்டீஸ்தான் வரும் தம்பி. முதல்ல கையை எடுத்துட்டு டபுள் க்ளிக், உடனே மூணையும் அமுக்கிப் பிடி. செட்டிங்ஸ் ஃபைலை அழிக்கவான்னு கேக்கும். எஸ் கொடு. ஆனா அதுக்கு முன்னாடி, ஒரே க்ளிக்ல ஓடுற மாதிரி நீ பதிவு பண்ணி வச்சிருக்கிற ஆக்‌ஷன்ஸையெல்லாம் தனியா சேவ் பண்ணி வச்சுக்க.

ஆல்பம்_அரசு · 11:21
எஸ் கொடுக்காதே! போன வருஷம் ஒருத்தர் செட்டிங்ஸ் ஃபோல்டரையே அழிக்கச் சொல்லி, நான் உருவாக்கின 60 ஆல்பம் ஆக்‌ஷனும் போச்சு. அந்த ஒருத்தர் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

பழைய_நெகடிவ் · 11:24
ஃபோல்டரையே அழிக்கச் சொல்லலை. பேரை மாத்தி வைக்கச் சொன்னேன். பேரு மாத்துறதுக்கும் அழிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு நான் என்ன பண்ண முடியும்? அன்னைக்கே சொன்னேன், இன்னும் மனசுல வச்சிருக்கீங்க.

ஆல்பம்_அரசு · 11:25
60 ஆக்‌ஷன் சார். வச்சிருப்பேன்.

இருட்டறை · 11:33
இது அப்புறம். பாஸ்போர்ட் தம்பி, எதையும் அழிக்காம முதல்ல டீஃபால்ட் பிரிண்டரைப் பாரு. விண்டோஸ் 10-ல "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்"னு ஒண்ணு இருக்கும், அதை முதல்ல எடுத்துவிடு. இல்லைன்னா நீ மாத்தி வச்சாலும், கடைசியா எதுல பிரிண்ட் போட்டியோ அதுவே மறுபடி வந்து குந்திக்கும். அடுத்த நாள் மறுபடி தொங்கும், அப்புறம் நீயும் ஃபாண்டைத் தூக்குவே. அதுக்கும் மசியலைன்னா திறக்கும்போது ஷிஃப்ட்டை மட்டும் அமுக்கிப் பாரு, வெளி ப்ளக்-இன்னை விட்டுட்டுத் திறக்கவான்னு கேக்கும்.

திரையில எந்த வரியில நிக்குதுன்னு பாத்து முடிவு பண்ணாதே. வரி நிக்கிறது ஒரு இடம், வியாதி வேற இடமா இருக்கும். பஸ் நிக்கிற ஸ்டாப்புலதான் பஸ் ரிப்பேர் ஆச்சுன்னு சொல்ல முடியுமா?

குனு_கோபம் · 11:36
இத்தனை பாடு எதுக்கு? ஜிம்ப்.

ஆல்பம்_அரசு · 11:37
உங்க ஜிம்ப்புல பிரஸ்ஸுக்கான சிஎம்ஒய்கே கலர்ல உட்கார்ந்து வேலை பாக்க முடியுமா?

குனு_கோபம் · 11:39
ஆல்பத்துக்கு எதுக்கு சிஎம்ஒய்கே? உங்க லேப் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் தானே கேக்குது?

ஆல்பம்_அரசு · 11:44
லேப் என்ன கேக்குதுன்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா? தினம் ரெண்டு தடவை பென்டிரைவை எடுத்துக்கிட்டு மாடிப்படி இறங்கிப் போய் கொடுத்துட்டு வர்றவன் நான்.

இருட்டறை · 11:46
பென்டிரைவா? கீழ தானே பிரிண்ட் சிஸ்டம்? நெட்வொர்க்குல அனுப்ப மாட்டீங்களா?

ஆல்பம்_அரசு · 11:49
முன்னாடி அனுப்பிக்கிட்டுதான் இருந்தேன். பூஜைக்கு அப்புறம் அந்த சிஸ்டம் நெட்வொர்க்குல வர மாட்டேங்குது. சர்வீஸ் பையனுக்குச் சொல்லியிருக்கேன்.

இருட்டறை · 11:50
அரசு சார்.
எந்திரிச்சு மேஜைக்குப் பின்னாடி பாருங்க.

ஆல்பம்_அரசு · 11:53
அது தனிப் பிரச்சனை. இதோட போட்டுக் குழப்பாதீங்க. ஃபாண்டைத் தூக்கினேன், 20 நொடி. வீடியோ இருக்கு.

பழைய_நெகடிவ் · 11:54
😀

ஆல்பம்_அரசு · 11:55
சிரிங்க. 60 ஆக்‌ஷனை அழிச்சப்பவும் சிரிச்சிருப்பீங்க.

பாமினிப்பிள்ளை · 11:58
எழுத்துரு எண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டனான். ஒருத்தரும் காதில விழுத்தேல்லை.

இருட்டறை · 12:01
கேபிளை மாட்டிட்டு, கீழ் சிஸ்டம் அணைஞ்சிருக்கும்போது ஒரு தடவை திறந்து வீடியோ போடுங்க. 20 நொடி வந்தா நான் ஃபாண்டை ஒத்துக்கிறேன்.

ஆல்பம்_அரசு · 12:04
நல்லா ஓடுற சிஸ்டத்துல எதுக்கு சார் கேபிளை மாட்டணும்? காலையில 4:30 முகூர்த்தம், கேமரா சார்ஜ் போடணும். வர்றேன்.

பாஸ்போர்ட்_சைஸ் · 12:10
அண்ணா, பிரிண்டர் மாத்தினேன், திறந்துச்சு. ஆனா பயத்துல முன்னாடியே ஃபாண்டையும் பாதி தூக்கிட்டேன். எதனால திறந்துச்சுன்னு தெரியலை.