ஊவே க்ரூப்: அந்தக் கோல் அதிர்ஷ்டமா?

கொலோன்வாசி:
நேற்று இன்னொரு திரியில் 'நீலக்கோடு' போகிற போக்கில் எழுதியது இது: "ஊவே க்ரூப் அதிர்ஷ்டத்தில் ஒரு கோல் அடித்தார், அதைக் காட்டியே ஜெர்மனி ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 1983 தேர்வில் பஃபலோ அணி 214ஆவது ஆளாக எடுத்த பையன், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 729 ஆட்டம் ஆடினார். 729ம் அதிர்ஷ்டமா?

நீலக்கோடு:
729 ஆட்டத்தில் 69 கோல். அதில் உங்களுக்கே எத்தனை நினைவிருக்கிறது? ஒன்று. அதைத்தான் சொன்னேன்.

கொலோன்வாசி:
அவர் தடுப்பாட்டக்காரர் ஐயா! விக்கெட் கீப்பரிடம் போய் எத்தனை விக்கெட் எடுத்தாய் என்று கேட்பீர்களா? சரி, அந்த ஒன்றையே பார்ப்போம். 1996 ஸ்டான்லி கோப்பை, அதாவது என்ஹெச்எல் கோப்பை, இறுதித் தொடர்; க்ரூப் ஆடிய கொலராடோவும் ஃப்ளோரிடாவும், நான்காவது ஆட்டம். 0-0. மூன்றாவது கூடுதல் நேரம். ஃப்ளோரிடா கோல்கீப்பர் வான்பீஸ்ப்ரூக் 55 ஷாட்டைத் தடுத்துவிட்டார், இந்தப் பக்கம் ரூவா 63. ஆட்டம் தொடங்கி 104 நிமிடம் 31 விநாடியில் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார் க்ரூப். சீசன் தொடக்கத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து, லீக் கட்டத்தில் வெறும் 6 ஆட்டம் ஆடிய கால் அது. இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

நீலக்கோடு:
55 கல் குறி தவறியது, 56ஆவதற்கு மாங்காய் விழுந்தது. எறிந்தவர் பெயர் க்ரூப். இன்னொன்று, தொடர் 4-0. அவர் அடிக்காவிட்டாலும் கோப்பை கொலராடோவுக்குத்தான்.

ஒற்றுப்பிழை:
சின்னத் திருத்தம். 'க்ரூப்' அல்ல, 'க்ருப்'. ஜெர்மன் உச்சரிப்பில் குறில்.

கொலோன்வாசி:
இருபது வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன், எனக்கே ஜெர்மன் பாடமா? கால்பந்துத் திரியில் மியூனிக்கா முன்ஷனா என்று மூன்று பக்கம் ஓட்டியவர் நீங்கள்தானே.

மூன்றாம்ஜோடி:
பயிற்சியாளராக என்ன கிழித்தார் என்று யாராவது சொல்லுங்களேன்.

கொலோன்வாசி:
2010 உலகப் போட்டி. கெல்ஸன்கிர்ஷன் கால்பந்து மைதானத்தில் பனித்தளம் போட்டு, 77,803 பேர் முன்னால் கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை 2-1 என்று சாய்த்தார்கள். காலிறுதியில் சுவிட்சர்லாந்து 1-0. அரையிறுதியில் ரஷ்யாவிடம் 1-2, அதுவும் மயிரிழையில். கடைசியில் நான்காம் இடம். 1953க்குப் பிறகு அதுவரை உலகப் போட்டியில் ஜெர்மனி அந்த உயரத்தைப் பார்த்ததில்லை.

நீலக்கோடு:
முந்தைய வருடம், 2009இல், அதே பயிற்சியாளரின் அணி 15ஆம் இடம் என்பதையும் சொல்லுங்கள். கீழ்ப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டியது. அடுத்த போட்டியை நடத்தும் நாடு என்பதால் தப்பியது. ஆக, அதிர்ஷ்டம் இரண்டு.

கொலோன்வாசி:
2011இல் பிராட்டிஸ்லாவாவில் ரஷ்யாவை 2-0 என்று அடித்தார்களே, அங்கேயும் நடத்தும் நாடு ஜெர்மனியா?

மூன்றாம்ஜோடி:
பதக்கம் வந்தது மார்கோ ஸ்டுர்ம் பயிற்சியாளராக இருந்த காலத்தில்தான், 2018 ஒலிம்பிக் வெள்ளி. அவர் முன்வரிசை ஆட்டக்காரர். தடுப்பாட்டக்காரரைப் பயிற்சியாளராக்கினால் நான்காம் இடம்தான் கிடைக்கும்.

கொலோன்வாசி:
2023 உலகப் போட்டி வெள்ளிக்குப் பயிற்சியாளர் ஹரோல்ட் க்ரைஸ். அவர் எந்த வரிசை என்று பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி. தடுப்பாட்டம்தான்!

நீலக்கோடு:
க்ரைஸைப் பற்றி யார் கேட்டார்கள்? உங்கள் ஆள் பயிற்சியாளராகக் கொலோன் அணியோடு 2013, 2014, பெர்லின் அணியோடு 2018, மூன்று ஜெர்மன் லீக் இறுதியிலும் தோற்றார். அங்கெல்லாம் 56ஆவது கல் எங்கே போயிற்று?

கொலோன்வாசி:
ஜெயித்தால் அதிர்ஷ்டம், தோற்றால் திறமை இல்லை. நல்ல தராசு! 2018இல் மியூனிக்கை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது எந்தக் கணக்கு? திரும்பச் சொல்கிறேன், 104 நிமிடம் 31 விநாடி. அந்த நேரத்தில் நீங்கள் நின்றுகாட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

நீலக்கோடு:
நின்றவர்கள் இரண்டு அணியிலும் உண்டு. பக் (ரப்பர் வட்டு) பட்டது ஒருவர் மட்டையில்.

ஒற்றுப்பிழை:
தலைப்பிலும் 'க்ரூப்' என்றே இருக்கிறது. மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

கொலோன்வாசி:
தலைப்பு அப்படியேதான் இருக்கும். 'நீலக்கோடு', 104 நிமிடத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.