ஸ்டிக்கர் ஒண்ணு, உள்ள ஒண்ணு: 60–80 ஆயிரம் ரேஞ்ச் கேமிங் லேப்டாப் அனுபவங்கள்

எஃப்5

தினசரி உபயோகத்துக்கும் கொஞ்சம் கேஷுவல் கேமிங்குக்கும் லேப்டாப் எடுக்குறவங்களுக்குத்தான் இந்தத் திரி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மெஷின். ரெண்டுலயும் என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் சிப், ரெண்டும் 6 ஜிபி, ராம் 16. ஜிடிஏ 5 கேம் ஒரே செட்டிங்ல ஓடுது. ஒண்ணு வழுக்கிட்டுப் போகுது. இன்னொண்ணு புல்வெளி வர்ற இடத்துல எல்லாம் திக்குது. திக்குனதுதான் விலை கூடின மெஷின்! ஒல்லியா, அலுமினியம் பாடியோட, பார்க்க அம்சமா இருந்துச்சு.

என்விடியா கண்ட்ரோல் பேனல், ஹெல்ப், அதுல சிஸ்டம் இன்ஃபர்மேஷன். "மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்"னு ஒரு வரி வரும், அந்த சிப் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கிற கணக்கு. ஒல்லில 45 வாட், குண்டுல 75. கதை அவ்வளவுதான். லேப்டாப் 3050-ஐ 35 வாட்ல இருந்து 80 வாட் வரைக்கும் எங்க வேணா நிறுத்திக்கலாம்னு கம்பெனிகளுக்கு அனுமதி இருக்கு. அடுத்த தலைமுறை 4050-க்கு 35ல இருந்து 115. வாட் குறைஞ்சாலும் கூடினாலும் ஸ்டிக்கர் ஒண்ணுதான். வாட் எண்ணை அட்டைப் பெட்டியில போட மாட்டாங்க. தயாரிப்பாளர் தளத்துல ஸ்பெக் பக்கத்தின் அடியில, பொடி எழுத்துல இருக்கும். "80+15"னு போட்டிருந்தா அந்த 15, சிபியூ (ப்ராசஸர்) சும்மா இருக்கும்போது கடன் வாங்குற வாட். எப்பவும் கிடைக்காது.

4050 எடுக்குறவங்க 115 வாட் மெஷினைத் தேடி அலைய வேண்டாம். 95–100 தாண்டினா அந்த சிப்புக்கு பெருசா ஏறாது. ஆனா 45–50 வாட் 4050-ஐ முழு 4050 விலைக்கு வாங்காதீங்க.

லேக் மன்னன்

வாட் எல்லாம் அப்புறம் ப்ரோ. மொதல்ல ராம் எத்தனை துண்டுன்னு பாருங்க.

தனி கிராஃபிக்ஸ் இல்லாத ஐ5 மெஷின் ஒண்ணு மேசைக்கு வந்துச்சு. பில்லுல "ஐரிஸ் எக்ஸ்இ"னு இருக்கு, டிவைஸ் மேனேஜர்ல "இன்டெல் யுஎச்டி"னு காட்டுது. கொண்டு வந்தவர் கடைக்காரன் சிப்பை மாத்திட்டான்னு ஒரே சத்தம். யாரும் மாத்தல. உள்ள 8 ஜிபி ஒத்தைத் துண்டு. பக்கத்து ஸ்லாட்ல இன்னொரு 8 போட்டு ஆன் பண்ணினதும் அதே இடத்துல பேரு "ஐரிஸ் எக்ஸ்இ"ன்னு மாறிடுச்சு. மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே!

ராமுக்கு ரெண்டு வழி, அதாவது டூயல் சேனல், இருந்தாத்தான் இன்டெல் தன்னோட உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அந்தப் பேரையே கொடுக்கும். காரணம் வெறும் கணக்கு: டிடிஆர்4 ராம் 3200 வேகத்துல ஒரு துண்டுல நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டுல 51.2. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு சொந்த மெமரி கிடையாது, அந்தக் குழாய்தான் கதி. தனி கிராஃபிக்ஸ் சிப் (ஜிபியூ) இருக்கிற மெஷின்ல இவ்வளவு அடி விழாது. ஆனா வாலரண்ட் மாதிரி சிபியூவை நம்பி ஓடுற கேம்ல திடீர் திடீர்னு ஒரு துள்ளல் வரும். நொடிக்கு வர்ற சராசரி ஃப்ரேம் நல்லாத்தான் காட்டும், துள்ளல் சராசரியில தெரியாது.

தயிர்சாதம்

புது டிடிஆர்5 ராம் ஒரு துண்டு போட்டாலே டூயல் சேனல்தானே? கடையில அப்படித்தான் சொல்றாங்க.

லேக் மன்னன்

இல்லை தம்பி. டிடிஆர்5 துண்டுக்குள்ள 32 பிட் வழி ரெண்டு இருக்கு, கூட்டினா பழைய 64 பிட்டேதான். 4800 வேகத்துல ஒரு துண்டு 38.4 ஜிபி, ரெண்டு போட்டா 76.8. கடைக்காரர் பாதி உண்மையை முழுசா விக்கிறார்.

ஸ்க்ரூ டிரைவர் சித்தப்பா

ராம் பேச்சு வந்ததால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லைதான். ஒத்தைத் துண்டோடு வரும் மெஷினைக் கண்டு ஓட வேண்டியதில்லை, காலி ஸ்லாட் இருந்தால் போதும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்றிருந்தால் நல்லது. அதே பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் வரியில் "சோடிம்" என்றால் கழற்றி மாட்டலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றால் போர்டோடு பற்றவைத்தது, வாங்கும்போது எவ்வளவோ கடைசிவரை அவ்வளவே.

மாட்டுவது பத்து நிமிட வேலை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடி மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, பெரும்பாலும் முன் விளிம்பில் குட்டை, கீல் பக்கம் நெட்டை. ஒரு தாளில் மெஷினை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நெட்டை ஸ்க்ரூவை முன்னால் முறுக்கினால் கைப்பட்டைக்கு மேலே முளைத்துவிடும், அப்படி ஒன்று வந்திருக்கிறது. எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ரப்பர் காலுக்கு அடியில் பாருங்கள். மூடியை நெம்புவதற்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும், இரும்பு வேண்டாம். கீல் பக்க மூலையிலிருந்து ஆரம்பியுங்கள்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் காதைப் பிடித்து நகர்த்துங்கள். பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் போய்விடும். ராமைச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில் நுழைத்து, தங்கப் பல்வரிசை கண்ணுக்குத் தெரியாத வரை தள்ளி, கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் "டக்" என்று பிடிக்கும். பல் தெரிந்தபடியே அமுக்கினால் கிளிப் உடையும்.

இனிதான் முக்கியமான இடம். முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 என்றால் ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகலாம், மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கும். பயந்துபோய் நடுவில் அணைப்பவர்கள்தான் "ராம் போட்டேன், லேப்டாப் செத்துடுச்சு" என்று வருகிறார்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இடம் வேறு. அழுத்திப் பார்க்காதீர்கள்.

அரக்குச்சிவப்பு

வாட், ராம்னு பேசிட்டே இருக்கீங்க, தினமும் எட்டு மணி நேரம் பார்க்கப் போறது திரையை. 144 ஹெர்ட்ஸ்னு (நொடிக்கு 144 தடவை படம் மாறும்) கொட்டை எழுத்து. அதுல ஒரு கல்யாண ஆல்பத்தைத் திறந்தப்போ அரக்குப் பட்டுப்புடவை செங்கல் நிறத்துல நிக்குது. ஃபோன்ல அதே படம் சரியா இருக்கு.

"45% என்டிஎஸ்சி" பேனல். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி ரெண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும்னு அளக்குற அளவுகோல். எஸ்ஆர்ஜிபி கணக்குல ஏறக்குறைய 62 சதவீதம், முதல்ல அடிபடுறது சிவப்புதான். ஸ்பெக்ல "100% எஸ்ஆர்ஜிபி" இல்லன்னா "72% என்டிஎஸ்சி" இருக்கணும், இந்தப் பேனல்கள்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கூடவே வெளிச்சம் 300 நிட்ஸ். 250-ன்னா ஜன்னல் ஓரம் உட்கார முடியாது. எதுவுமே போடலைன்னா 45-ன்னே வச்சுக்குங்க. ராம் பின்னாடி போடலாம், எஸ்எஸ்டி மாத்தலாம், பேனலை மாத்தணும்னா நல்ல துட்டு வேணும்.

எஃப்5

கேஷுவல் கேமிங்னுதானே பேச்சு? கல்யாண ஆல்பம் எடிட் பண்றவங்களுக்கு வேற திரி போடலாம்.

அரக்குச்சிவப்பு

"தினசரி உபயோகம்"னு நீங்கதான் ஆரம்பிச்சீங்க. புல்வெளியில திக்குறது வாரத்துக்கு மூணு மணி நேரம் அண்ணா. திரை எல்லா நேரமும்.

நம்பர் பிளேட்

கவுன்ட்டரில் கேட்டது: "சார், இது 8 கோர், இது 10 கோர், ரெண்டும் ஐ5, ரெண்டும் 13-வது ஜென்." கை நீண்டது 10 பக்கம். அது 1335யு ப்ராசஸர். 2 பெரிய கோர், 8 சின்ன கோர், அடிப்படை 15 வாட். விட்டுவிட்டு வந்தது 13420எச்: 4 பெரியது, 4 சின்னது, 45 வாட். கேமுக்கு பெரிய கோர்தான் பேசும். கடைசி எழுத்தைப் பார்க்காமல் கோர் எண்ணாதீர்கள்.

ஏஎம்டியின் ரைஸன் 7000 ப்ராசஸர் வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம், வடிவமைப்பின் தலைமுறை அதுதான். 7520யு-வில் 2, அதாவது 2019-ல் வந்த ஸென் 2 வடிவமைப்பு. 7535எச்எஸ்-ல் 3, 7640எச்எஸ்-ல் 4. முன்னால் நிற்கும் 7 வெறும் மாடல் வருடம். 7520யு-வின் கிராஃபிக்ஸில் இருப்பது இரண்டே யூனிட், ராமும் பற்றவைத்ததுதான். கேம் என்ற வார்த்தையே அதனிடம் பேசக் கூடாது.

சூடான தோசைக்கல்

முதல் பதிவுக்குப் பதில். வாட் எண் மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க சார், அந்த வாட்டை அரை மணி நேரம் தாங்குதா? ஒரு மெஷின் பத்து நிமிஷம் பறந்துட்டு பதினோராவது நிமிஷம் மூச்சு வாங்குச்சு. மெத்தை மேல வச்சிருந்தாங்க. காத்து இழுக்குற ஓட்டை எல்லாம் அடியில, மெத்தை அதை மூடிடுச்சு. பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடி முட்டுக்கொடுத்ததும் சரியாச்சு. சித்திரை வெயில்ல ரூமே 36 டிகிரி இருக்கும்போது கூலிங் பேடை விட அந்த ரெண்டு மூடி மேல்.

யூடியூப்ல எல்லாரும் "பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 99 வை"ங்கிறாங்க. சூடு இறங்கும், வாஸ்தவம். ஏன்னா தேவைப்படும்போது ப்ராசஸர் வேகத்தைக் கூட்டுற டர்போவையே அணைச்சிட்டீங்க. வாலரண்ட்ல அப்புறம் ஃப்ரேம் விழுந்துடுச்சுன்னு அழக்கூடாது. அதுக்குப் பதிலா கேமுக்குள்ளேயே ஃப்ரேம் லிமிட் போடுங்க. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 200 ஃப்ரேம் சமைச்சு யாருக்கு பரிமாறப் போறீங்க? வருஷம் ஒரு தடவை ஃபேன் தூசி எடுங்க. பிரஷ் போடும்போது விரலால ஃபேனைப் பிடிச்சுக்கணும், சுத்த விடக் கூடாது.

கரண்ட் கட்

மேட்ச் நடுவில் கரண்ட் போனது. லேப்டாப்தானே, பேட்டரி இருக்கு என்று எல்லாருக்கும் தைரியம். அதே நொடியில் ஃப்ரேம் 30-க்கு இறங்கி அங்கேயே நின்றது. பழுது இல்லை. சார்ஜர் இல்லாதபோது என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் 30-ல் பூட்டிவிடும். அதைத் தளர்த்தினாலும் பயன் குறைவு: 50 வாட்-அவர் பேட்டரியில் 100 வாட் இழுத்தால் அரை மணி நேரம், அவ்வளவையும் ஒரே மூச்சில் கொடுக்கவும் அதற்குத் தெம்பு இல்லை. எப்படியும் ரவுட்டர் முதலில் செத்திருக்கும். அதற்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குவது புத்திசாலித்தனம்.

டைப்-சி சார்ஜரும் இதே கணக்குத்தான். 65 வாட் காலேஜுக்கும் ஆபீசுக்கும் போதும், கேம் ஆடினால் செருகியிருக்கும்போதே பேட்டரி குறையும். சில மெஷின்களில் டைப்-சி ஓட்டை இருக்கும், அதில் சார்ஜே ஏறாது. ஸ்பெக்கில் "பவர் டெலிவரி" என்று இருக்கிறதா பாருங்கள். பெரிய அடாப்டர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல் வரும், 2.2 கிலோ லேப்டாப்போடு அதையும் தோளில் போட்டுப் பாருங்கள்.

தயிர்சாதம்

512 ஜிபி எஸ்எஸ்டி போதுமா?

நம்பர் பிளேட்

விண்டோஸில் 476 என்றுதான் காட்டும். ஜிடிஏ 5 மட்டும் நூறைத் தாண்டும். எஸ்எஸ்டி மாட்ட இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் போதும், ஆனால் அதன் நீளம் 2280-ஆ (80 மி.மீ.) 2242-ஆ (42 மி.மீ.) என்று பார்த்து வாங்குங்கள். குட்டையை வாங்கிவிட்டு ஸ்க்ரூ ஓட்டை எட்டாமல் திண்டாடுவதைப் பார்த்தாயிற்று.

எர்த் ஒயர்

யாரும் சொல்லாதது ஒண்ணு. அந்த ஒல்லி அலுமினியம் மெஷின் சார்ஜ்ல இருக்கும்போது மணிக்கட்டு படுற விளிம்புல சுர்ருன்னு ஒரு கூச்சம். டெஸ்டர் வச்சா மங்கலா எரியுது. ஷார்ட்டுன்னு திருப்பிக் கொடுக்கப் போனாங்க.

அடாப்டருக்குள்ள இரைச்சலைத் தடுக்குற குட்டி கெபாசிட்டர் இருக்கு, அது வழியா கொஞ்சூண்டு கசிவு வரும். எர்த் இருந்தா அதுல இறங்கிடும். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வர்ட்டர்ல செருகியிருந்தாங்க, கசிவுக்குப் போக வழியில்லாம பாடிக்கு வந்துடுச்சு. உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா அந்த நிலையில டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் செருகினா போர்ட் போக வாய்ப்பிருக்கு.

கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டு சுவர்ல மூணு ஓட்டையும் இருக்கிற சாக்கெட்ல செருகுங்க. அப்பவும் கூசினா சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்க. பழைய வீடுகள்ல பெரிய ஓட்டைக்குப் பின்னாடி பச்சை ஒயரே இருக்காது.

எஃப்5

அந்த மெஷின்ல இதுவும் உண்டா!