இரவு ஷிப்ட், எச்பிஏ1சி 6.1: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி:
வயது 34, சென்னையில் இரவு ஷிப்ட் வேலை. கம்பெனி செக்கப்பில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்) 6.1 சதவீதம் வந்திருக்கிறது. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் விளிம்பில் இருக்கிறீர்கள் என்ற டாக்டர், சோற்றைக் குறையுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டார். காலையில் வந்து நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்தால் பத்தரைக்கெல்லாம் வெயிலும் ஹாரன் சத்தமும் எழுப்பிவிடுகின்றன. ஜிம்மில் சேரட்டுமா, சோற்றை விடட்டுமா?

பதில் 1:
தம்பி, முதலில் தூக்கத்தைச் சரி பண்ணுங்க. நான் ஸ்பின்னிங் மில்லில் பல வருடம் நைட் பார்த்தவன். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும், அப்புறம் கை தானாகப் பஜ்ஜியைத் தேடும். ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போடுங்க. கடைசி டீயை இரவு 2 மணிக்குள் முடிச்சிடுங்க, குடித்த காஃபின் உடம்பில் பாதியாகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு எப்போது சாப்பிடுகிறோம் என்பதையும் பார்க்கணும். இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைவாகத்தான் விடும், அதனால் மதியம் சாப்பிடும் அதே பரோட்டா நடுராத்திரியில் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். வேலைக்குக் கிளம்பும் முன் முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, இடையில் பசித்தால் சுண்டல், அவித்த முட்டை, மோர் போதும். சோற்றை அடியோடு விட வேண்டாம், பாதியாக்கிப் பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள்.

பதில் 3:
ஜிம்முக்காகத் தூக்கத்தை வெட்டாதீர்கள். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே பலன் உண்டு, வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் நம்பாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிட நடை, இரண்டு நாள் தண்டால், பஸ்கி. ரத்தசோகை இருந்தாலும் எச்பிஏ1சி உண்மையைவிட அதிகமாகவோ குறைவாகவோ காட்டலாம், ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கறுப்புத் துணி இன்றைக்கே வாங்குகிறேன். வார லீவில் மட்டும் ராத்திரி தூங்கிப் பகலில் விழிக்கலாமா? குழந்தையோடு இருக்க அந்த ஒரு நாள்தான் கிடைக்கிறது.

பதில் 1:
குழந்தையோடு இருங்க தம்பி, அதை விடாதீங்க. லீவு நாளில் ராத்திரி கொஞ்சம் தாமதமாகப் படுத்துக் காலையில் லேட்டாக எழுந்தால் உடம்பு ரொம்பத் தடுமாறாது. மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்க, அதற்கு முன் எடுத்தால் மாற்றம் முழுசாகத் தெரியாது.