ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றுபோனால்

களியக்காவிளை தங்கை:
எடை குறைய வயிற்றைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் மளமளவென்று குறைந்தது. இப்போது தினமும் மெஷினில் ஒரே எண். சாப்பிடுவதோ கரைத்ததும் குழைத்ததும் மட்டும்தான். "இத்தனை லட்சம் கொடுத்தது வெறுதேயா மக்களே" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார். உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா? சாப்பாட்டை இன்னும் குறைக்கட்டுமா?

மார்த்தாண்டம் அக்கா:
குறைக்காதே. மூன்றாம் வாரம் வாக்கில் நிற்பது நிறையப் பேருக்கு வருவது, எனக்கும் வந்தது. அதில் பெரும்பாலும் தண்ணீரின் வேலைதான். உடம்பு கிளைகோஜன் என்ற மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஆபரேஷன் சமயத்தில் கிளைகோஜன் கரையும்போது தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிடும். நாம் துள்ளிக் குதித்த முதல் கிலோக்களில் நல்ல பங்கு அதுதான். பிறகு உடம்பு சுதாரித்துக் கொஞ்சம் திரும்ப நிரப்பிக்கொள்ளும். கொழுப்பு உள்ளே கரைந்துகொண்டுதான் இருக்கும், மெஷின் காட்டாது. அத்தையிடம் இதைச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

ஆறேழு மாதம் கழித்து வரும் நிறுத்தம் வேறு சங்கதி. உடம்பு இளைத்துவிட்டதால் அதற்கு வேண்டிய சக்தியும் குறைந்திருக்கும், தசையும் கொஞ்சம் போயிருக்கும். போதாததற்கு, அதற்குள் எல்லாமே சாப்பிட முடிகிற நிலைக்கு வந்திருப்போம். எனக்கு அது ஓணம் சமயத்தில் வந்தது.

திருவனந்தபுரத்தில் செக்கப்புக்குப் போனபோது டயட்டீஷியன் சேச்சி எடைச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று காலையிலிருந்து வாயில் போட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் போன நெய்யாற்றின்கரை அக்கா வெளியே வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மீன் ரெண்டு துண்டுக்கு மேல் இறங்காது. ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் ஒரு பாக்கெட் போகுது, எங்கே போகுதுன்னே தெரியல." உள்ளே சேச்சி எனக்கு விளக்கியதும் அதையேதான். ஸ்லீவில் வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு குழாய். மீனும் இறைச்சியும் அதில் நின்று நிறைக்கும். சிப்ஸ், பிஸ்கட், பாயசம், ஐஸ்கிரீம் எல்லாம் கூழாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். பசி அடங்காது, கலோரி மட்டும் சேரும். நம் எல்லைப் பக்கம் கடைக்குக் கடை எண்ணெய்ச் சட்டியில் சிப்ஸ் போடுகிறார்கள். இந்த ஆபரேஷன் செய்தவருக்கு இதைவிடச் சோதனையான ஊர் கிடையாது.

எனக்குக் கொடுத்த கணக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம். சாளை இருக்கும்போது பயமில்லை, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் வந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, சாளை துணை. எனக்குச் சாளைக்கு மரச்சீனி துணை, அதுவும் இடம் இருந்தால். தண்ணீர் சாப்பாட்டோடு கிடையாது, அரை மணி நேரம் தள்ளித்தான். கூடவே டம்பெல்லும் தூக்க ஆரம்பித்தேன், நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. எடை அசையாத அந்த மாதங்களில் தையல்கார அக்கா என் ஜாக்கெட்டுகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். வாரம் ஒருமுறை எடை பார், இடுப்பை டேப்பால் அள. தினமும் மெஷினில் ஏறினால் பைத்தியம்தான் பிடிக்கும்.

செங்கோட்டை அண்ணன்:
நான் பைபாஸ் கேஸ், இதயத்தில் இல்லை, எடைக்காக வயிற்றில் செய்தது. அக்கா சொன்னதெல்லாம் சரி, ஒன்று விட்டுப்போச்சு: மாத்திரை. எனக்கு எடை நின்றது மட்டுமில்லை, எப்போதும் அசதி, மலச்சிக்கல். புனலூர் பக்கம் ஒரு டாக்டர் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை டிஎஸ்எச் பார்த்தார், ஏறியிருந்தது, அதாவது தைராய்டு மருந்து போதவில்லை. தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் காலையிலேயே சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன், சீட்டு எழுதியவர்கள் யாரும் இடைவெளி பற்றிச் சொல்லவில்லை. கால்சியம் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது, 4 மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே கதை. சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரிடம் அளவைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் எடையைப் பிடித்து வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

களியக்காவிளை தங்கை:
நன்றி அக்கா, அண்ணா. மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு நாளாகத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி வருகிறது, அதுவும் இந்தச் சமயத்தில் சகஜம்தானா?

மார்த்தாண்டம் அக்கா:
இல்லை மக்கா, அது சகஜம் இல்லை. தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த இடத்துக்கு இப்போதே போன் பண்ணு. காய்ச்சல், வயிற்று வலி, படபடப்பு ஏதாவது இருந்தால் போன்கூட வேண்டாம், நேராகக் கிளம்பு. அத்தையையும் கூட்டிக்கொண்டு போ.